கண்ணாடிக்கு முன்னால் பலகையைப் பாருங்கள்! சின்ன பட்ஜெட்டில் வீட்டு நூலகத்துக்கு அலமாரி

ஜனவரி மாதம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்திலிருந்து வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையிலும் பை, தோளில் ஒரு பை, முகத்தில் பத்து சதவிகிதக் கழிவில் வாங்கிவிட்ட சந்தோஷம். அந்த சந்தோஷம் வீட்டு வாசல் வரைக்கும்தான். உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் வரும். "போன வருஷம் வாங்கினதே பரண்ல கிடக்கு. இதை எங்கேங்க வைக்கப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். கட்டிலுக்கு அடியில் கொஞ்சம், டி.வி ஸ்டாண்டில் கொஞ்சம், பரணில் அட்டைப்பெட்டிக்குள் மீதி என்று இருக்கும் புத்தகங்கள் ஐப்பசி மழையைத் தாண்டும்போதுதான் விஷயம் தெரியும். பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாசனை. அட்டையில் வெள்ளைப் புள்ளிகள். அப்பா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த முதல் பக்கத்தில் சல்லடைபோல ஓட்டை. புத்தகத்தைத் துளைத்துக்கொண்டு போகும் பூச்சிக்கு நம் முன்னோர் 'ராமபாணம்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வந்துதான் நிற்கும்.

ஒரு வீட்டில் சேரும் புத்தகங்கள் எவ்வளவு பெரிய விஷயமாக முடியும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சாட்சி. பல பல்கலைக்கழகங்களில் இல்லாத நூல்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் தன் சொந்த ஊரில் தனி மனிதராகச் சேர்த்தவர் அவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் இனங்கள்!

நம் வீட்டில் இருப்பது முந்நூறோ நானூறோதான். ஆனால், அதிலும் மறுபதிப்பு வராத புத்தகம் நாலு இருக்கும். அம்மா பைண்டு செய்துவைத்த தொடர்கதை ஒன்று இருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போகாமல், செல்லரிக்காமல், அடுத்த தலைமுறை கைக்கு அது போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் எல்லோரும் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரியைத் தேடுகிறார்கள். தேடும்போது செய்யும் முதல் தவறு, கண்ணாடியைப் பார்த்து மயங்குவது.

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

'முந்நூறு புத்தகத்துக்கு எவ்வளவு பெரிய அலமாரி வேண்டும்?' என்று கடைக்காரரிடம் கேட்டால், அவரிடம் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவார். கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். புத்தகங்களைத் தரையில் அடுக்கி, முதுகுப் பக்கமாக டேப் பிடித்து அளந்துவிடுங்கள். மொத்தம் எத்தனை அடி என்பதுதான் உங்கள் தேவை.

அளக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 200 பக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றின் தடிமன் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். ஓர் அடி நீளத் தட்டில் இருபது புத்தகம் நிற்கும். தடித்த நாவல்கள் அதிகம் இருக்கும் வீடு என்றால் சராசரியை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் முந்நூறு புத்தகத்துக்கு 15 முதல் 20 அடி தட்டு வேண்டும். மூன்றடி அகலத்தில் ஐந்து தட்டு உள்ள ஓர் அலமாரி கிட்டத்தட்ட 14 அடி தரும்.

உயரமும் ஆழமும் இன்னும் முக்கியம். தமிழில் அதிகம் வரும் டெம்மி அளவு புத்தகம் சுமார் 21.5 சென்டிமீட்டர் உயரம், 14 சென்டிமீட்டர் அகலம். அதாவது எட்டரை இன்ச் உயரம், ஐந்தரை இன்ச் அகலம். கிரவுன் அளவு அதைவிடச் சின்னது. ஆனால், கடைகளில் விற்கும் அலமாரிகள் பலவற்றில் தட்டுக்குத் தட்டு 13, 14 இன்ச் இடைவெளி. ஆழம் 15 இன்ச். ஃபைலுக்கும் பாத்திரத்துக்கும் துணிக்கும் பொதுவாகச் செய்தது. அதில் புத்தகம் வைத்தால் தலைக்கு மேல் நாலைந்து இன்ச் காற்றுக்குக் காசு கொடுக்கிறோம். ஆழம் அதிகம் என்றால், முன்வரிசை, பின்வரிசை என்று இரண்டு வரிசை அடுக்கத் தோன்றும். பின்வரிசைக்குப் போன புத்தகம் வீட்டில் இருந்தும் இல்லாத கணக்குதான். 'அது நம்மகிட்ட இருக்கே' என்பது மறந்து, அதே புத்தகத்தை மறுபடி வாங்கியவர்கள் எத்தனை பேர்!

தட்டுக்குத் தட்டு 10 இன்ச், ஆழம் 10 இன்ச் போதும். அகராதி, கலைக்களஞ்சியம், ஓவியப் புத்தகம் மாதிரி பெரியவற்றுக்கு ஒரே ஒரு தட்டை மட்டும் 12 இன்ச்சுக்கு மேல் வைத்துக்கொண்டால் முடிந்தது.

கண்ணாடி எதைத் தடுக்கும்... எதைத் தடுக்காது?

கண்ணாடிக் கதவு தூசியை நிறுத்தும். சமையலறை எண்ணெய்ப்புகையை நிறுத்தும். பல்லியின் எச்சத்தை நிறுத்தும். இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும். மரக்கதவு போட்ட அலமாரிக்குள் கரையான் குடியேறினால் மாதக்கணக்கில் தெரியாது. கண்ணாடி என்றால், கூட்டும்போதும் துடைக்கும்போதும் கண்ணில் படும்.

ஆனால், ஈரப்பதத்தைக் கண்ணாடி தடுக்காது. சொல்லப்போனால், ஈரமாக உள்ளே போன புத்தகத்தை ஈரமாகவே வைத்திருக்கும். பசையையும் மாவுப்பொருளையும் தின்னும் வெள்ளிமீன் பூச்சிக்கு உடம்பு தட்டை. கதவு இடுக்கில் சுலபமாக நுழையும். இருட்டும் ஈரமும் அதற்குப் பிடித்தவை. வெயிலையும் சாதாரணக் கண்ணாடி முழுதாக நிறுத்தாது. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி அதைத் தாண்டி வரும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே அலமாரியை வைத்தால், இரண்டு கோடையில் புத்தகத்தின் முதுகு வெளுத்துவிடும். சிவப்பு அட்டைகள்தான் முதலில் போகும்.

ஆக, கண்ணாடி என்பது பாதி வேலை. மீதிப் பாதியைப் பலகையும், வைக்கும் இடமும்தான் செய்ய வேண்டும். பட்ஜெட்டில் பெரும்பங்கு எதற்குப் போக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இருப்பதிலேயே மலிவு... சுவரிலேயே இருக்கிறது!

புது அலமாரி பற்றிப் பேசும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் பழைய வீடு என்றால், ஹாலிலோ படுக்கையறையிலோ கடப்பா கல் தட்டு வைத்த சுவர் அலமாரி ஒன்று கண்டிப்பாக இருக்கும். கதவில்லாமல் கிடக்கும். மருந்து டப்பா, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும்.

புத்தகத்துக்கு அதைவிட உறுதியான தட்டு கிடையாது. கடப்பா கல் தொய்யாது, உளுக்காது, கரையானுக்கு இரையாகாது. அதற்கு வேண்டியது கதவு மட்டும்தான். அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் அளவு சொன்னால், மேலும் கீழும் தடம் வைத்து, இரண்டு கண்ணாடிகளை நகரும் கதவாகப் பொருத்தித் தருவார்கள். சதுர அடிக் கணக்கில்தான் கூலியும் பொருளும். மூன்றடிக்கு நாலடி அலமாரி என்றால் 12 சதுர அடி. புது அலமாரியோடு ஒப்பிட்டால் செலவு ஒரு சின்னப் பங்குதான்.

இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருந்தால், அந்த அலமாரியை மறந்துவிடுங்கள். வெளிச்சுவர் என்றால் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உள்ளே கையை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டுகிறதா, சுண்ணாம்பு உதிர்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் முதலில் சுவருக்கு வைத்தியம், பிறகுதான் கதவு. இன்னொன்று, கல் சொரசொரப்பாக இருக்கும். புத்தகத்தின் அடிப்பகுதி தேயாமல் இருக்க, தடித்த அட்டையோ மெல்லிய பிளைவுட்டோ வெட்டிப் போட்டுவிடலாம்.

ஒரே ஒரு ஷீட் கணக்கு

சுவர் அலமாரி இல்லாதவர்களுக்கு அடுத்த வழி, தச்சரை வைத்துச் செய்வது. 'அது ரெடிமேடைவிட அதிகமாகுமே' என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அளவைச் சரியாகச் சொல்லாவிட்டால் ஆகத்தான் செய்யும்.

பிளைவுட் ஷீட் எட்டு அடி நீளம், நாலு அடி அகலம். அலமாரியின் அளவு இந்த ஷீட்டுக்குள் அடங்க வேண்டும். அதுதான் ரகசியம். ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், பத்து இன்ச் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நாலடி அகலத்தில் பத்து இன்ச் பட்டையாக நாலு எடுக்கலாம். ஒவ்வொன்றும் எட்டடி நீளம். முதல் இரண்டு பட்டைகளில் ஐந்தடி வெட்டினால் பக்கவாட்டுப் பலகை இரண்டும் ரெடி. அவற்றில் மீதமாகும் துண்டுகள் இரண்டு தட்டுகளாகும். அடுத்த இரண்டு பட்டைகளிலும் தலா இரண்டு தட்டுகள். ஆக மொத்தம் ஆறு. மேல்பலகை, அடிப்பலகை, நடுவே நாலு தட்டு. ஐந்து அடுக்கு கிடைத்துவிட்டது.

இன்னும் முடியவில்லை. ஷீட்டின் ஓரத்தில் எட்டு இன்ச் அகலத்துக்கு எட்டடி நீளப் பட்டை ஒன்று மீதம் இருக்கும். அதை நாலாகக் கிழித்தால், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கும் சட்டம் வந்துவிடும். கடைசியாக மிஞ்சும் இரண்டடித் துண்டுகள் இரண்டையும் வெட்டி, தட்டுகளுக்கு நடுவில் தாங்கலாகக் கொடுக்கலாம். ஒரு ஷீட்டில் ஓர் அலமாரி. குப்பைக்குப் போவது கைப்பிடித் துண்டுகள்தான். பின்பக்கம் அடைக்க மட்டும் 6 மி.மீ பிளைவுட் 15 சதுர அடி தனியாக வாங்க வேண்டும். 'பின்னால சுவர்தானே, எதுக்கு அடைக்கணும்?' என்று அதை மிச்சம் பிடிக்க வேண்டாம். அலமாரி பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து நிறுத்துவதே அந்தப் பின்பலகைதான்.

இதே அலமாரியை 'இன்னும் ஓரடி உயரமா இருக்கட்டுமே' என்று ஆறடியாக்கினால் என்னாகும்? முதல் இரண்டு பட்டைகளில் மிஞ்சுவது இரண்டடிதான். அதில் தட்டு வராது. ஒரே ஓர் அடிக்காக இரண்டாவது ஷீட் வாங்க வேண்டியிருக்கும். 18 மி.மீ தண்ணீர் தாங்கும் ரகம் ஒரு ஷீட், கம்பெனியையும் ஊரையும் பொறுத்து தோராயமாக 2,500 முதல் 4,000 ரூபாய் வரை போகிறது. அந்த ஓரடியின் விலை அதுதான். ஐந்தடி உயரத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பாட்டிக்கும் மேல்தட்டு எட்டும். மேலே கடிகாரமோ ரேடியோவோ வைக்கலாம்.

பிளைவுட் வாங்கும்போது விலையைவிட எழுத்தைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ முத்திரையோடு 'எம்.ஆர்' என்று இருந்தால் ஓரளவு ஈரம் தாங்கும். 'பி.டபிள்யூ.ஆர்' என்று இருந்தால் அதைவிட நன்றாகத் தாங்கும். 'மெரைன்' ரகம் சமையலறை சிங்க்குக்குக் கீழே போட வேண்டியது. புத்தக அலமாரிக்கு அது தேவையில்லாத செலவு. கடலோர ஊர்கள், தரைத்தள வீடுகள் என்றால் பி.டபிள்யூ.ஆர். மற்ற இடங்களில், உலர்ந்த உள்சுவருக்கு எம்.ஆர் போதும்.

தொய்யும் தட்டு... ஏன்?

காகிதம் கனமான பொருள். டெம்மி புத்தகங்கள் ஓர் அடி நீளத்துக்கு 6, 7 கிலோ வரும். மூன்றடித் தட்டில் சுமார் 20 கிலோ. ஐந்து தட்டிலும் சேர்த்து நூறு கிலோவைத் தொடும். இதை மறந்துவிட்டு வாங்குவதால்தான் ஒரே வருடத்தில் தட்டு ஊஞ்சல் மாதிரி வளைகிறது.

பலகையின் தடிமன் கொஞ்சம் கூடினாலே தொய்வு வேகமாகக் குறையும். 12 மி.மீ பலகைக்குப் பதில் அதே ரகத்தில் 18 மி.மீ போட்டால், தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நீளம் இன்னும் முக்கியம். தட்டுக்கு நடுவில் ஒரே ஒரு தாங்கல் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால், தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். மேலே சொன்ன அந்த மிச்சத் துண்டுகளின் மதிப்பு இப்போது புரிகிறதா?

ஆன்லைனில் கண்ணைப் பறிக்கும் விலைக்கு வரும் அலமாரிகளில் பெரும்பாலானவை 'இன்ஜினீயர்டு வுட்' என்ற பெயரில் வருகின்றன. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. அதுவும் பல மாடல்களில் 15 மி.மீ. அதே சுமைக்கு அது பிளைவுட்டைவிடப் பல மடங்கு வளையும். தண்ணீர் பட்டால் பொங்கி, உப்பி, உதிரும். கண்ணாடிக் கதவு என்று வந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். 4 மி.மீ கண்ணாடி சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. ஐந்தாறு கிலோ எடையுள்ள கதவு ஒன்று தினமும் திறந்து மூடும்போது, தூள் பலகையில் போட்ட கீல் ஸ்க்ரூ மெல்ல மெல்லக் கழன்றுவரும். ஒருமுறை கழன்ற ஓட்டையில் அதே ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. வீடு மாறும்போது பிரித்து மறுபடி பூட்டினால் பாதி பலம் போச்சு.

அதற்காக அதை வாங்கவே கூடாது என்றில்லை. படிக்கப்போன ஊரில் இரண்டு வருடம் தங்கும் அறை, ஐம்பது புத்தகம் என்றால் அது போதும். வாங்கும்போது அகலம் இரண்டடிக்குள் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

திறக்கும் கதவா, நகரும் கதவா?

சின்ன வீட்டில் பலரும் நகரும் கதவைத்தான் கேட்கிறார்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடி இடம்தான் என்றால் வேறு வழியில்லை. ஆனால், நகரும் கதவில் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் இடுக்கு உண்டு. தூசியும் வெள்ளிமீன் பூச்சியும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். அலுமினியக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிரஷ் பட்டையை அந்த இடுக்கில் ஒட்டச் சொன்னால் பெருமளவு அடைபடும். கேட்காவிட்டால் பெரும்பாலும் ஒட்டித் தரமாட்டார்கள்.

இடம் இருக்கிறது என்றால், சட்டம் வைத்த திறக்கும் கதவுதான் நல்லது. நன்றாகப் பொருந்தி மூடும். அலமாரி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். சட்டத்துக்குள் பொருந்தும் கண்ணாடிக்கு 4 மி.மீ போதும். சட்டம் இல்லாமல் நகரும் கண்ணாடி என்றால் 5 மி.மீ, ஓரம் தேய்த்து மழுங்கடித்தது. கதவின் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, கண்ணாடியை இரண்டு துண்டாகப் போடுவது புத்திசாலித்தனம். உடைந்தால் ஒரு துண்டைத்தான் மாற்ற வேண்டும்.

தவழும் குழந்தையோ, ஹாலில் கிரிக்கெட் ஆடும் பையனோ இருக்கும் வீடு என்றால் கீழ்ப்பாதிக்காவது டஃப்பன்டு கண்ணாடி போடுங்கள். அது உடைந்தாலும் கத்திபோல் கூர்மையாக விழாது, சின்னச் சின்னத் துணுக்குகளாக உதிரும். ஒன்றை நினைவில் வையுங்கள். டஃப்பன் செய்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. அலமாரி செய்து முடித்து, கதவுச் சட்டத்தை அளந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமே என்றால், எடை குறைவு, உடையாது. ஆனால், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். தூசியையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டே வருடத்தில் மங்கிப்போன கண்ணாடி போட்ட தாத்தா மாதிரி ஆகிவிடும்.

பழசிலும் தேடலாம்

பல்லாவரம் வெள்ளிச்சந்தை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு போன்ற இடங்களிலும், மூடப்படும் மருந்துக்கடை, ஜவுளிக்கடைகளிலும் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிகள் விலைக்கு வருவதுண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் புது பிளைவுட் விலைக்கே தேக்கு கிடைக்கும். காசு கொடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், அதற்குக் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது. சந்தேகம் என்றால், தட்டுகளுக்குக் கீழே வெள்ளைத்தாளை விரித்து இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாளில் புதிதாகத் தூள் விழுந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்த அலமாரியை வாங்கினால் பூச்சியையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

பழைய வக்கீல் வீடுகளில் இன்னொரு வகை அலமாரியைப் பார்க்கலாம். ஒவ்வொரு தட்டும் ஒரு தனிப் பெட்டி. கண்ணாடிக் கதவைத் தூக்கி, அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவின் குளோப்-வெர்னிக்கி கம்பெனி புகழ்பெறச் செய்த வடிவம் இது. இன்று அசல் ஒன்று கிடைத்தால் விலை எட்டாது. ஆனால், அதன் யோசனையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பங்கள், இரண்டரை அடி அகலத்தில் ஒவ்வொரு தட்டையும் தனிப் பெட்டியாகச் செய்து அடுக்கிக்கொள்ளலாம். கதவுக்குச் சாதாரணக் கீல் போதும். இந்த மாதம் இரண்டு பெட்டி, போனஸ் வந்ததும் இரண்டு பெட்டி என்று பிரித்தும் செய்யலாம். பலகை கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால், வீடு மாறும் நாளில் ஆள் கூலி மிச்சம்.

ஸ்டீல் அலமாரியையும் தள்ளிவிட வேண்டாம். அழகில் கொஞ்சம் ஆபீஸ் சாயல் அடிக்கும், அவ்வளவுதான். கரையான் தின்னாது, விலையும் கட்டுபடியாகும். தகட்டின் கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன் என்பது பலருக்குத் தெரியாது. 22 கேஜைவிட 20 கேஜ் உறுதி. தட்டின் அடியில் மடிப்போ, குறுக்குப் பட்டையோ இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். கடலோர ஊர் என்றால், கீறல் விழுந்த இடத்தில் துருப்பிடிக்கும் முன் பெயின்ட் தொட்டுவிட வேண்டும்.

வைக்கும் இடமும் முதல் மாதமும்

சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஓர் இன்ச் இடைவெளி விட்டால் காற்று போகும். சுவர் ஈரம் பின்பலகைக்கு ஏறாது. கீழே மூன்று இன்ச் உயரம் இருந்தால் கரையான் மண்கோடு போட்டு ஏறும்போதே கண்ணில் படும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்த சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தாழ்வான பகுதி, தரைத்தளம் என்றால் கீழ்த்தட்டில் போனாலும் மறுபடி வாங்கக்கூடிய புத்தகங்களை மட்டும் வையுங்கள். அப்பாவின் கையெழுத்துப் போட்டவை நடுத்தட்டுக்குப் போகட்டும்.

நூறு கிலோ எடை, பத்து இன்ச் ஆழம். குழந்தை கதவைப் பிடித்துத் தொங்கினால் அலமாரி முன்பக்கம் சாய்ந்துவிடும். மேல்பலகையிலிருந்து சுவருக்கு இரண்டு எல் கிளாம்ப் அடித்து இறுக்குவது கட்டாயம். வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்றால் வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைதான். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள்.

புது அலமாரி வந்த அன்றே புத்தகத்தை அடுக்கி, கதவை மூடிவிடும் ஆசை வரும். பொறுங்கள். பிளைவுட் பசையின் நெடியும் வார்னிஷ் நெடியும் போகும்வரை, கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். பரணிலிருந்து இறக்கிய புத்தகங்களை நிழலில், காற்றில் இரண்டு நாள் விரித்துவைத்து, பிரஷ்ஷால் தட்டி, பூஞ்சை பிடித்ததைத் தனியே பிரித்துவிட்டு அடுக்குங்கள். ஒரு பூச்சிப் புத்தகம் மொத்த அலமாரியையும் கெடுத்துவிடும். இறுக்கித் திணிக்காமல், இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு ஒவ்வொரு தட்டிலும் வேண்டும். மழை ஓய்ந்த, வெயில் அடிக்கும் நாள்களில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவைத்தால் போதும்.

நாப்தலின் உருண்டையின் நெடி நல்லதல்ல. குழந்தைகள் அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு நடுவில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு, கற்பூரம் கலந்த சின்னத் துணி முடிச்சுகளை வைத்துக் காத்துவந்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும். பொடித்து, பழைய பருத்தித் துணியில் கட்டி, தட்டுக்கு ஒன்று என்று மூலையில் வையுங்கள். முடிச்சு புத்தகத்தின் மேல் படாமல் இருக்கட்டும். வாசனை குறைந்ததும் மாற்றிவிடுங்கள். இதையும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும். கரையானே வந்துவிட்டால் இதெல்லாம் போதாது. முறையான மருந்து அடிக்கும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுக்கி முடித்ததும் ஒரு தட்டு முழுவதையும் காலியாக விட்டுவையுங்கள். "இவ்ளோ செலவு பண்ணிட்டு இதை எதுக்கு சும்மா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். ஜனவரியில் பையோடு வந்து நிற்கும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும்.